முடிவைப் பைலில் போடுதல்

மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில், ஸ்காபரோவில் மார்க்கம் வீதியோரத்து விருந்து மண்டபம் ஒன்றில் வைத்து, கிளிபோட் நாலு பேரிடம் அடிவாங்கினான். முதலாவது ஆள் ஓய்வுபெற்ற கணக்காளர். இரண்டாவது ஆள் பல் வைத்தியர். மூன்றாவது ஆள் ஒழுக்காற்றுக் குழுவின் தலைவி. நாலாவது ஆள் அவனுடைய சிநேகிதன். எல்லோருமே மதிப்பான மனிதர்கள். பஸ்ஸில் இடித்துவிட்டவனிடம்கூடத் தாங்களே ‘சொறி’ என்று மன்னிப்புக் கேட்கிறவர்கள். அப்படிப்பட்டவர்களைக் கைநீட்ட வைத்தது கிளிபோட்தான் என்று பிறகு ஒரு தீர்மானம் நிறைவேறியது.

கனடா நாவலடிப்புலம் மகாவித்தியாலயப் பழைய மாணவர் சங்கத்துக்கு அன்று தேர்தல். அந்தப் பள்ளிக்கூடத்தில் இப்போது படிக்கிற பிள்ளைகளைவிடச் சங்கத்தின் நிர்வாகசபையில் ஆட்கள் கூட. பள்ளிக்கூடத்தின் கூரையைத் திருத்துவதற்கென்று தொடங்கிய சங்கம் அது. ஆனால் சங்கத்தின் சட்டவிதிகளான யாப்பைத் திருத்தாமல் கூரையைத் திருத்துவது ஒழுங்கில்லை என்று யாரோ சொல்லப்போய், அன்று தொடக்கம் யாப்பைத்தான் திருத்திக்கொண்டிருந்தார்கள். சங்கத்துக்குள் இரண்டு அணிகள். ஒன்று ஒற்றுமை அணி. மற்றது அதிலிருந்து அடிபட்டுப் பிரிந்த உண்மையான ஒற்றுமை அணி.

போன தேர்தலில் வாக்குப்பெட்டியைக் குளிர்க்கோட்டுக்குள் செருகிக்கொண்டு ஒருவர் காரில் ஏறி 401 நெடுஞ்சாலையில் பறந்துவிட்டார். பிக்கரிங் தாண்டி அவரை மறித்துப் பிடித்துக் கையை முறித்துப் பெட்டியைத் திறந்து பார்த்தால், உள்ளே மத்தியானம் மிஞ்சிய கட்லட். ஆகவே இந்த முறை பெட்டி வேண்டாம், கொம்பியூட்டரிலேயே வாக்குப் போடுவோம் என்று முடிவானது. அதை நடத்திக்கொடுக்க எந்த அணியையும் சேராத ஒருவர் தேவைப்பட்டார். கிளிபோட் வேறு ஊர், வேறு பள்ளிக்கூடம். மார்க்கம் நகரில் ஒரு கொம்பனியின் சேர்வர்களைக் கவனிக்கிற வேலை. எல்லாவற்றுக்கும் மேலாக, கூப்பிட்டால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன்.

கூப்பிட்டது அன்புராசா. அவன்தான் அப்போதைய தலைவர், ஒற்றுமை அணிக்காரன். அகதியாக வந்த புதிதில் இரண்டு பேரும் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரே அறையில் இருந்தவர்கள். அன்புராசாவுக்குப் பகல் வேலை, கிளிபோட்டுக்கு இரவு வேலை என்பதால் ஒரு மெத்தை போதுமாக இருந்தது. ஒருவன் எழும்பிப் போன சூடு ஆறுவதற்குள் மற்றவன் வந்து படுப்பான். அன்புராசா இப்போது காப்புறுதி விற்கிறான், கோட்டு உடுப்புப் போடுகிறான். தலைவர் பதவி ஒன்றுதான் அவனுக்குக் காசு வராத வேலை, அதுவேதான் அவன் உயிரை விடுகிற வேலையும்.

“மச்சான், ரெண்டு மணித்தியால அலுவல். எண்ணிச் சொல்லிப்போட்டு, சாப்பிட்டிட்டுப் போகலாம்” என்றான் அவன்.

கிளிபோட்டின் மனைவி மக்டலீன் மோர்னிங்சைட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். படுத்த படுக்கையாய்க் கிடக்கிற ஆறடி வெள்ளைக்காரர்களைத் தனியாளாய்த் தூக்கிப் புரட்டுகிறவள். போக வேண்டாம் என்று அவள் ஒருதரம்தான் சொன்னாள். ஒருதரத்துக்கு மேல் சொல்லுகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

கூட்டம் மங்கள விளக்கோடு தொடங்கியது. மண்டபத்தில் நெருப்புக் கொளுத்த அனுமதி இல்லாததால் பற்றரி விளக்கு. அதன் சுவிச்சை யார் அமத்துவது என்பதில் இரண்டு முன்னாள் தலைவர்கள் ஒருவர் விரலை ஒருவர் மடக்கிப் பிடித்தார்கள். ஒரு விரலின் மூட்டு விலகியது. பிறகு அமைதி வணக்கம். அதன்போது எந்த அணியின் பதாகை முன்னுக்குத் தொங்குவது என்று சத்தம்போடாமலே ஒரு தள்ளுமுள்ளு நடந்தது. அதில் முடிவுகளைச் சுவரில் காட்டுவதற்கென்று வைத்திருந்த புரொஜெக்டர் விழுந்து உடைந்தது. ஆகவே மிஞ்சியது கிளிபோட் கொண்டுவந்த லப்ரொப் கொம்பியூட்டரின் சின்னத் திரை மட்டும்தான்.

வாக்களிப்பு அமைதியாக நடந்தது. வரிசையில் ஒருவருக்கு மட்டும் விலா எலும்பு நொந்தது.

தேர்தல் ஆணையாளர் றெமிஜியஸ் மேடைக்கு வந்தார். கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். யாப்பை நெஞ்சோடு அணைத்தபடிதான் எங்கும் போவார். அதிலிருந்து ஒரு பிரிவை வாசித்தார். முடிவானது சபையோரின் கண்முன்னே தோன்றவும் வேண்டும், அதேவேளை பைலில் ஏறவும் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் முடிவு செல்லாது.

கிளிபோட் தலையாட்டினான். உண்மையில் அவன் அதைக் கவனமாகக் கேட்கவில்லை. பின்னால் ரோல்ஸ் பொரிக்கிற மணம் வந்துகொண்டிருந்தது.

அவன் ரேர்மினலைத் திறந்தான். அது வெறும் கறுப்பு ஜன்னல். எழுத்தில் கட்டளை கொடுத்தால் எழுத்திலேயே பதில் சொல்லும். வாக்குகளைக் கூட்டுவதற்கு அவன் எழுதி வைத்திருந்த கட்டளையை அடித்தான். வாக்குகள் ஒவ்வொன்றாக விழுந்து, மேலே ஓடி மறைந்தன. கடைசியில் கூட்டுத்தொகை வந்து நின்றது. கிளிபோட் அதை வாசித்தான். தலைவர் பதவிக்கு எதிரணியில் நின்ற பல் வைத்தியர் ஸ்ரீதரன் வென்றிருந்தார். அன்புராசா தோற்றிருந்தான். கொஞ்சநஞ்ச வித்தியாசம் இல்லை.

அவன் வாயைத் திறப்பதற்குள் மண்டபமே மேசையை நோக்கிச் சரிந்தது. யாரோ ஒருவரின் வயிறு விசைப்பலகையில் அமர்ந்தது. கறுப்பு ஜன்னல் பட்டென்று மூடிக்கொண்டது.

“பைலில ஏத்தினீரோ?” என்று றெமிஜியஸ் கேட்டார்.

“இல்லை. திரையில வந்ததுதான். திரும்ப ஒருக்கா அடிச்சால் வரும்.”

றெமிஜியஸ் யாப்பை மேசையில் பக்குவமாக வைத்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு கிளிபோட்டின் கன்னத்தில் அறைந்தார். கணக்குப் பார்த்த கை என்றாலும் பாரம் இருந்தது. காதுக்குள் ஒரு மணி அடித்து, அடித்தபடியே இருந்தது.

பிறகு அவர் ஒலிவாங்கியை எடுத்தார். “நான் இந்த யாப்பை எத்தினையோ வருசமாய்க் காத்துவாறன். இதுவரைக்கும் ஒரு தேர்தலையும் முடிவுக்கு வர விட்டதில்லை. இனியும் விடமாட்டன்” என்றார். இரண்டு அணியும் எழும்பி நின்று கைதட்டின.

கிளிபோட் முகம் கழுவக் கழிவறைக்குப் போனான். அன்புராசா பின்னாலேயே வந்து கதவைப் பூட்டினான்.

“நீ பாத்தனீதானே?”

“பாத்தனான்.”

“என்னமாதிரி?”

“தோத்திட்டாய், மச்சான்.”

அன்புராசா கண்ணாடியில் தன்னுடைய கழுத்து ரையைச் சரிசெய்தான். நெடுநேரம் சரிசெய்தான். கிளிபோட்டின் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்ததை அவன் பார்க்கவே இல்லை. வெளியே போய், சனநாயகத்தின் பெயரால் மீண்டும் எண்ண வேண்டும் என்று முதல் குரல் கொடுத்தவன் அவன்தான். வென்றது தெரியாத ஸ்ரீதரனும், தான் தோற்றிருக்கலாம் என்ற பயத்தில், அதையே கேட்டார். சங்கத்தின் சரித்திரத்தில் இரண்டு அணியும் ஒத்துப்போன முதல் சந்தர்ப்பம் அது.

இந்த முறை கிளிபோட் உசாராக இருந்தான். கட்டளையை அடித்து, அதன் வாலில் ஓர் அம்புக்குறி போட்டு, பைலின் பெயரையும் எழுதினான். அம்புக்குறி போட்டால் பதில் முழுவதும் பைலுக்குள் போய்விடும் என்பது அவன் கொலிஜில் படித்தது. இப்போது வேலையில் எல்லாம் மவுசால் தட்டுகிற சங்கதி. இந்தக் கட்டளைகளைத் தொட்டுக் கனகாலம். ஆகவே ஒன்றை அவன் மறந்துபோனான். பைலுக்குள் போகிற பதில் திரைக்கு வராது.

எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். திரையில் ஒன்றும் இல்லை. ஒரு கோடு மட்டும் விட்டு விட்டு மின்னியது.

“எங்க வாக்குகள்?” என்றார் ஸ்ரீதரன்.

“உள்ள போயிட்டுது. பைலுக்குள்ள.”

“போனதை ஆர் கண்டது?”

ஒருவரும் காணவில்லை. பைலைத் திறந்து காட்டட்டுமா என்று கிளிபோட் கேட்டான். சபை காணாமல் உள்ளே போனதைச் சபை கண்டு என்ன பயன் என்றார் றெமிஜியஸ். ஸ்ரீதரன் கோட்டைக் கழற்றி ஒரு கதிரையில் மடித்து வைத்தார், சட்டைக் கையைச் சுருட்டினார், கிளிபோட்டின் வாயில் குத்தினார். முன்பற்கள் இரண்டு மேசையில் விழுந்து லப்ரொப் ஓரமாக உருண்டன. ரத்தம் சட்டை முழுக்க வழிந்தது.

“வன்முறை எங்கட பண்பாடு இல்லை” என்று ஸ்ரீதரன் சபையைப் பார்த்துச் சொன்னார். “ஆனால் ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ. பல்லுப் போனால் திருப்பி வைக்கலாம். சனநாயகம் போனால் வைக்கேலாது.” பிறகு குனிந்து, பற்களைப் பாலுக்குள் போட்டு வைக்கும்படி கிளிபோட்டுக்கு மெதுவாகச் சொல்லி, தன்னுடைய கிளினிக் கார்ட் ஒன்றையும் பக்கத்தில் வைத்தார். பால் தேடிப் போனவர் தேத்தண்ணிக்கு வைத்திருந்த, தகரப் பேணியில் வருகிற ரின்பாலைக் கொண்டுவந்தார்.

இப்போது ஒற்றுமை அணி, தங்களுடைய தேர்தல் உத்தியோகத்தரை எப்படி அடிக்கலாம் என்று எழும்பியது. கிளிபோட்டுக்காக என்று சொல்லித்தான் எழும்பினார்கள். ஆனால் போகிற வழியில் அவனுடைய காலை மிதித்துக்கொண்டுதான் போனார்கள். கதிரைகள் பறந்தன. குளிர் என்பதால் எல்லோரும் வாசலில் கழற்றிவிட்ட கனமான சப்பாத்துகள் உள்ளே வந்தன. யாரோ வெளியே போய் ஸ்னோ அள்ளுகிற சவளைக் கொண்டுவந்து அதன் தட்டையான பக்கத்தால் ஒரு முன்னாள் பொருளாளரின் முதுகில் அடித்தார். அந்தச் சத்தம் மட்டும் எல்லாச் சத்தத்துக்கும் மேலால் கேட்டது. முன்னாள் பொருளாளர் முழங்காலில் இருந்தபடி ஒழுங்குப் பிரச்சினை ஒன்றைக் கிளப்பினார். றெமிஜியஸ் அதை ஏற்றுக்கொண்டு, சவளுக்குப் பொறுப்பானவரின் பெயரைக் குறித்துவைக்கச் சொன்னார்.

கொஞ்சம் களைத்ததும் றெமிஜியஸின் தீர்ப்பு வந்தது. மூன்றாம் தரம் எண்ணலாம், எண்ணி முடிந்ததும் பைலைச் சபை முன் திறக்கலாம். ஆனால் பைலில் ஏற்கெனவே ஏறியதை அழிக்கக்கூடாது, பைலை அழிப்பது பெருங்குற்றம்.

கிளிபோட் நாக்கால் ஈறைத் தடவியபடி யோசித்தான். ஓர் அம்புக்குறி போட்டால் பழையது அழிந்து புதியது ஏறும். இரண்டு போட்டால் பழையது இருக்க, அதன் அடியில் புதியது சேரும். அழித்தால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். ஆகவே இரண்டு போட்டான். திரையிலும் காட்டி, பைலிலும் போடுகிற ஒரு கட்டளை இருக்கிறது என்று மண்டைக்குள் எங்கேயோ ஓடியது. பெயர் வரவில்லை. காதுக்குள் மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

பைலைத் திறந்தான். சபை கண்டது. கூட்டுத்தொகையை எவரும் கவனிக்கவில்லை, கண்டது ஒவ்வொரு வாக்கும் இரண்டு தரம் இருந்ததைத்தான். மண்டபத்தில் இருந்த ஆட்களைப் போல இரண்டு மடங்கு ஆட்கள் வாக்களித்திருந்தார்கள்.

இரண்டு எண்ணிக்கையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கிறது, ஒன்றைத்தான் பார்க்க வேண்டும் என்று அவன் விளங்கப்படுத்தப் பார்த்தான். முன்பல் இல்லாத வாயால் அது எவருக்கும் விளங்கவில்லை. ஒழுக்காற்றுக் குழுவின் தலைவி ஜெயமலர் மேடையேறினார். பட்டுச்சீலை, அதற்கு மேல் சங்கத்தின் பொன்னாடை.

“எங்களுக்கு ஒழுக்கத்தை அடிச்சுத்தான் படிப்பிச்சவை” என்றார். “அதாலதான் நாங்கள் இண்டைக்கு இப்பிடி இருக்கிறம்.” அவருக்குப் பின்னால் ஒருவர் இன்னொருவரின் தலையைக் கக்கத்துக்குள் வைத்து நெரித்துக்கொண்டிருந்தார். ஜெயமலர் பேச்சை முடித்து, பேசிய ஒலிவாங்கியாலேயே கிளிபோட்டின் உச்சியில் போட்டார். மண்டபத்தின் நாலு மூலை ஒலிபெருக்கிப் பெட்டிகளிலும் அந்த அடி கேட்டது.

கிளிபோட் மேசைக்கடியில் விழுந்தான். விழுந்த இடத்தில்தான் அவனுக்கு அந்தப் பெயர் வந்தது.

“ரீ” என்றான். “ரீ.”

அதுதான் அந்தக் கட்டளை. ஆனால் பக்கத்தில் நின்றவர்கள், இங்கிலிஷில் தேத்தண்ணி கேட்கிறான் என்று நினைத்து மனம் இரங்கி, அடிபட்டவனுக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னார்கள். வந்த தேத்தண்ணி உண்மையான ஒற்றுமை அணியின் அண்டாவிலிருந்து வந்தது. அதைக் கண்ட ஒற்றுமை அணிக்காரர் ஒருவர், நடுவரை வளைத்துப்போடப் பார்க்கிறார்கள் என்று கோப்பையைத் தட்டிவிட்டார். கொதி தேத்தண்ணி முழுதும் கிளிபோட்டின் கழுத்தில் கொட்டியது. அதற்குப் பிறகு நடந்ததைச் சண்டை என்று சொல்வது சரியில்லை. அதற்குமுன் நடந்ததுதான் சண்டை. இப்போது யார் எந்த அணி என்ற கணக்கே இல்லை. தம்பியின் மூக்கைத் தமையன் உடைத்தார். ஒருவர் தன்னுடைய அணித் தோழரின் காதைக் கடித்துவிட்டு, ஆள் மாறிவிட்டது என்று மன்னிப்புக் கேட்டார். நெருப்பு மணி அடித்தது. கதிரை பட்டு உடைந்த கூரைத் தீயணைப்புக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. பதாகைகளின் மை கரைந்து எல்லோர் முகத்திலும் வழிந்தது.

அந்த மழைக்குள் கிளிபோட் எழும்பினான். ஏன் அப்போதே வாசலைப் பார்த்து ஓடவில்லை என்று மக்டலீன் பிறகு கேட்டாள். தொடங்கின வேலையை முடித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருக்கிறான். லப்ரொப்பைத் தன் கோட்டால் மூடிப் பிடித்துக்கொண்டு, கட்டளையையும் அதன் பக்கத்தில் ரீயையும், ஒரு புதிய பைலின் பெயரையும் அடித்தான். வாக்குகள் திரையில் ஓடின. அதேவேளை பைலிலும் ஏறின. யாப்பு கேட்டது முழுவதும் ஒரே தடவையில் நடந்தது.

அதைப் பார்த்துக்கொண்டிருந்தது ஒரேயொரு ஆள்தான். அன்புராசா பக்கத்திலேயே நின்றான். தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது, ரை காதோரம் கிடந்தது.

கிளிபோட் கையை உயர்த்தி, பல்லில்லாத வாயால், “முடிவு” என்று சத்தமாகத் தொடங்கினான்.

“வாசியாதை” என்றான் அன்புராசா.

“வாசிக்கத்தானே கூப்பிட்டனீ.”

அன்புராசா லப்ரொப்பை இரண்டு கையாலும் தூக்கினான். கிளிபோட் அது தண்ணீரில் நனையாமல் இருக்கத்தான் தூக்குகிறான் என்று நினைத்து, கோட்டை எடுத்து நீட்டினான். லப்ரொப் அவனுடைய நெற்றியில் இறங்கியது. இரண்டாம் தரம் இறங்கியபோது திரை உடைந்தது. மூன்றாம் தரம் இறங்கியபோது அது இரண்டு துண்டு. கிளிபோட்டின் கண்ணுக்குள் ரத்தம் போனது. கடைசியாக அவன் கண்டது அன்புராசாவின் முகம். அது கோபமான முகமாக இருக்கவில்லை. அழப்போகிற ஒருவனுடைய முகம்.

பொலிஸ் வந்தபோது மண்டபத்தில் எல்லோரும் கதிரைகளை நிமிர்த்தி வரிசையாக இருந்தார்கள். ஆண்டுவிழா நாடகத்துக்கு ஒத்திகை நடக்கிறது என்று றெமிஜியஸ் விளங்கப்படுத்தினார். ரத்தத்தைப் பார்த்துப் பொலிஸ்காரி கேட்டதற்கு, ஒப்பனை என்றார். எங்களுடைய மரபுக் கலையில் கொஞ்சம் உணர்ச்சி கூட என்று ஜெயமலர் சேர்த்துச் சொன்னார். ஸ்ட்ரெச்சரில் கிடந்த கிளிபோட்டைக் குனிந்து பார்த்து, நீரும் நாடகத்தில் நடிக்கிறீரா என்று பொலிஸ்காரி கேட்டாள். அவனுக்கு வாய் வீங்கிப்போயிருந்தது. ஓம் என்றோ இல்லை என்றோ சொல்ல முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் நெற்றிக்குத் தையல் போட்டார்கள். மக்டலீன் வேலை உடுப்போடு வந்து கட்டிலருகே நின்றாள். அவன் ஆரார் அடித்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். கடைசிப் பெயரைச் சொன்னபோதுதான் அவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு போய்ச் சன்னலோரம் நின்றுகொண்டாள்.

சங்கம் அடுத்த வாரம் கூடியது. தேர்தலைக் குழப்பிய கிளிபோட்டைக் கண்டிக்கும் தீர்மானம் ஒருவரும் எதிர்க்காமல் நிறைவேறியது. அதன் பிரதி ஒன்று, படம் மாட்டுவதுபோல் சட்டம் போட்டு, அவனுக்கு அனுப்பப்பட்டது. அதே கூட்டத்தில் அன்புராசா எழும்பி, பேச ஒரு நிமிடம் கேட்டான். அங்கே நடந்ததைப் பிறகு அவனே சொல்லித்தான் கிளிபோட்டுக்குத் தெரியும்.

“நான் தோத்தனான். ரெண்டு தரம் பாத்தவன் கிளிபோட், ஒருதரம் பாத்தவன் நான். பைலை அழிச்சதும் நான்தான்” என்று அவன் சொல்லியிருக்கிறான்.

பிறகு றெமிஜியஸ் யாப்பைப் புரட்டினார். ஒரு வேட்பாளர் தன் தோல்வியைத் தானே ஒத்துக்கொள்வதற்கு இதில் இடமில்லை என்று தீர்ப்புச் சொன்னார். ஸ்ரீதரன், இப்படிப்பட்ட வெற்றி தனக்கு அவமானம் என்று மறுத்துவிட்டார். கூட்டம் முடிந்து கார் நிறுத்துமிடத்துக்கு அன்புராசா வரும்வரை காத்திருந்து, அவனுடைய ஆட்களே அவனைச் சுற்றி நின்று மிதித்தார்கள். தோற்றதற்காக அல்ல, அதைச் சொன்னதற்காக. காரின் கண்ணாடிகளையும் உடைத்தார்கள்.

கண்ணாடி இல்லாத காரிலேயே அவன் மோர்னிங்சைட்டிலேயே இருந்த கிளிபோட்டின் வீட்டுக்கு வந்தான். பொழுதுபட்ட நேரம். கிளிபோட் கதவைத் திறந்தான். நெற்றியில் தையலோடு ஒருவன், வலப்பக்க முகம் பூசணிக்காயளவு வீங்கி, தோளில் ஸ்னோ படிந்தபடி இன்னொருவன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருப்பான். ஆனால் வந்தது வேறு பேச்சு.

“சொல்லிப்போட்டன், மச்சான்.”

“சரி” என்றான் கிளிபோட்.

மக்டலீன் அடுப்படியிலிருந்து வந்தாள். அன்புராசாவைக் கையைப் பிடித்து இழுத்துக் கதிரையில் இருத்தினாள். முகத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தாள். வெந்நீர் கொண்டுவந்து காயத்தைக் கழுவினாள், அதற்குள் கிடந்த கண்ணாடித் துண்டு ஒன்றை ஊசியால் எடுத்தாள், மருந்து போட்டு பிளாஸ்டர் ஒட்டினாள். வேலையிடத்தில் எப்படிச் செய்வாளோ அப்படி, அவசரப்படாமல், ஒன்றையும் விடாமல். எல்லாம் முடிந்தபிறகு கைகளைத் துவாயில் துடைத்தாள். துடைத்துவிட்டு, வீங்காத இடது கன்னத்தில் ஓர் அறை விட்டாள். ஆறடி ஆட்களைத் தூக்கிப் புரட்டுகிற கை. அன்புராசா கதிரையோடு சாய்ந்து சுவரில் முட்டி நின்றான்.

அவன் கதிரையை நேராக்கி, திரும்ப அதிலேயே இருந்தான்.

மக்டலீன் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து இரண்டு பேருக்கும் வைத்தாள். ஒருவனுக்கு முன்பல் இல்லை. மற்றவனுக்கு இரண்டு கன்னமும் இல்லை. இருவரும் புட்டைக் குழம்பு விட்டுக் கூழாகக் குழைத்தார்கள். மீனில் முள் இருக்கிறது, பார்த்துச் சாப்பிடுங்கோ என்று அவள் சொன்னாள். அன்புராசா தன்னுடைய துண்டின் முள்ளை எல்லாம் எடுத்துப் போட்டு, அதைக் கிளிபோட்டின் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தான். கிளிபோட் சாப்பிட்டான்.